லண்டன் மாப்பிள்ளைன்னா பதிவுக் கல்யாணம் அங்கயா, நம்ம ஊர்லயா?

எங்க கல்யாணம் பதிவாகி எட்டு மாசம் ஆகுது. இப்ப சொந்தத்துல இன்னொரு பொண்ணுக்கும் லண்டன் மாப்பிள்ளை பேசறாங்க, எல்லாரும் என்கிட்டயே கேக்கறாங்க, அதான் எழுதறேன். என் வீட்டுக்காரர் பிரிட்டிஷ் பிரஜை, பூர்வீகம் யாழ்ப்பாணம், கிறிஸ்தவங்க. நான் கோத்தகிரி, இந்து. அதனால இந்து திருமணச் சட்டம் பேச்சே இல்ல, இங்க நாங்க பதிஞ்சது 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல. இந்தியத் தூதரகத்துல பண்ற 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டமும் இருக்கு, அதுலயும் இங்க மாதிரியே 30 நாள் நோட்டீஸ் (கல்யாணம் பண்ணப் போறோம்னு முன்கூட்டியே குடுக்கற அறிவிப்பு) உண்டு, நமக்கு அதுல லாபம் ஒண்ணும் தெரியல, விட்டுட்டோம்.

வயசு, அவரோட வருமானம் (2024 ஏப்ரல்ல இருந்து வருஷம் 29,000 பவுண்டு), எனக்கு இங்கிலீஷ் டெஸ்ட், டிபி டெஸ்ட், இதெல்லாம் எந்த வழில போனாலும் ஒண்ணுதான்.

அங்க போய்க் கட்டணும்னா ஃபியான்சே விசா (கல்யாணம் நிச்சயமானவங்களுக்குத் தர்றது) எடுக்கணும். ஆறு மாசம் தருவாங்க. அந்த ஆறு மாசமும் வேலைக்குப் போகக்கூடாது. போய் இறங்கி அந்த ஏரியால குறைஞ்சது ஏழு நாள் இருந்துட்டு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுக்கணும், 28 நாள் காத்திருக்கணும். கல்யாணம் முடிஞ்சதும் திரும்பவும் விசாவுக்கு அப்ளை பண்ணணும், திரும்பவும் ஃபீஸ். இந்த வழில நான் போகல, போன ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். பணத்தக்கூட விடுங்க, சம்பாதிச்சுட்டு இருந்த பொண்ணு கைல காசில்லாம மாசக்கணக்கா வீட்ல உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் புருஷன் வீட்டக் கேட்டு நின்னது ரொம்பக் கஷ்டம்னு அந்தக்கா சொன்னாங்க, எனக்கு அந்த ஒரு விஷயம் போதும். விசிட்டர் விசால போய்க் கட்டிட்டு அங்கயே இருந்துக்கலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, அங்க போய்க் கல்யாணம் மட்டும் பண்ணிக்கத் தர்ற மேரேஜ் விசிட்டர் விசா எடுத்தாலும் முடிஞ்சதும் திரும்பி வந்துதான் ஆகணும்.

இங்க பதிஞ்சா ஒரே விசா. ஸ்பவுஸ் விசா நேரா 33 மாசத்துக்குக் கிடைக்குது, இறங்கின நாள்ல இருந்து வேலைக்குப் போகலாம். ஹெல்த் சர்சார்ஜ் (அங்க அரசு வைத்தியத்துக்காக விசாவோட வாங்கற கட்டணம்) மட்டும் வருஷத்துக்கு 1,035 பவுண்டு, 33 மாசம்னாலும் மூணு வருஷக் கணக்கு, 3,105 பவுண்டு மொத்தமா முன்னாடியே கட்டணும், அதுக்குக் காசு ரெடியா வச்சுக்கோங்க.

இங்க கஷ்டம் இல்லாம இல்ல. நோட்டீஸ் குடுக்கற மாவட்டத்துல ரெண்டு பேர்ல ஒருத்தராவது 30 நாள் குடியிருந்திருக்கணும், அது நான் இருந்தேன். அப்புறம் 30 நாள் நோட்டீஸ் போர்டுல தொங்கும், நோட்டீஸ் குடுத்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கணும். அவர் ரெண்டு தடவ லீவு போட்டு வந்தார். கல்யாணத்துக்குத் தடையில்லன்னு ஒரு சர்டிபிகேட் கேட்டாங்க, அவர் அங்க அவரோட ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்து 28 நாள் கழிச்சுத்தான் அது கைக்கு வந்துச்சு, அதனால முதல்ல அத ஆரம்பிங்க.

ஆனா நிஜமா பாக்க வேண்டியது பேரு. என் பிறப்புச் சான்றிதழ்ல பேரே இல்ல, "பெண் குழந்தை" மட்டும்தான், ஸ்கூல் டிசில இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா. ஃபார்ம்ல ஆதாரப் பாத்து எழுதிட்டு, குடுக்கறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி கவனிச்சு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே மாத்தி எழுதினேன். நோட்டீஸ்ல இருக்கறதுதான் சர்டிபிகேட்ல வரும், அதத்தான் விசாவுக்குக் குடுப்போம். ஊர்ல இருக்கறப்பவே ஒவ்வொரு எழுத்தா சரிபாருங்க, அங்க போயி உக்காந்துட்டு இத சரிபண்றது ரொம்பக் கஷ்டம்.

இன்னொண்ணு, மூணு சாட்சி வேணும். எங்க அம்மாயிக்கு பாஸ்போர்ட்டே கிடையாது, லண்டன்னா அவங்க வந்திருக்கவே முடியாது. இங்கங்கறதால மூணாவது கையெழுத்து அவங்களுது.

டிபி டெஸ்ட், விசா கைரேகை ரெண்டையும் சென்னைல முடிச்சோம். மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ்தான். ஐப்பசி, கார்த்திகைல அப்பாயின்ட்மென்ட் போடாதீங்க, மண் சரிஞ்சு ரோடு அடைச்சா அன்னைக்கு ரயில் போயிடும்.