நாலடி ஆன்டனோவ், லெகோல: ரெண்டு வருஷத்துக்கு மேல வீட்ல வச்சு ஓட்டிப் பாத்த அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், இது பறக்காது. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி அதான், அப்பறம் "எவ்ளோ ஆச்சு"ன்னு கேப்பாங்க, அதுக்கு நான் வீட்ல சொல்லி வச்சிருக்கிற கணக்கையே இங்கயும் சொல்லிக்கறேன், அம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல.

விஷயம் என்னன்னா, லெகோ டெக்னிக், அதாவது ஓட்டை போட்ட பீம், கியர், மோட்டார்னு வர்ற லெகோ வகை, அந்தப் பார்ட்ஸ்ல கட்டுன ஆன்டனோவ் ஆன்-124 விமானம், அளவு 1:60. நிஜ விமானத்துக்கு இறக்கை இந்த நுனிலேருந்து அந்த நுனி வரைக்கும் 73.3 மீட்டர், நீளம் கிட்டத்தட்ட 69 மீட்டர். அத அறுபதால வகுத்தா இறக்கை நாலடி, உடம்பு நாலடிக்குக் கொஞ்சம் கம்மி. செட்டா வாங்குனது இல்ல, ஸ்டுடியோ சாஃப்ட்வேர்ல டிசைன் பண்ணி, பார்ட்ஸ் தனித்தனியா சேத்துக் கட்டுனது. லக்கேஜ் தராசுல தொங்கவிட்டா அஞ்சு கிலோவுக்கு மேல காட்டுது.

ஏன் ஆன்-124? வெறும் ஃபேன் சுத்துறதுக்காக மோட்டார் வைக்கறதுல எனக்கு இஷ்டம் இல்ல, மோட்டாருக்கு வேலை இருக்கணும். 2022 ஜூலைல ஏர்பஸ் பெலூகா சரக்கு விமானம் மீனம்பாக்கத்துல எரிபொருள் நிரப்ப இறங்குச்சே, அப்ப பம்மல் மொட்டை மாடிலேருந்து வானத்தையே பாத்துட்டு நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தன், மொதல்ல அதத்தான் கட்டணும்னு ஆசை. ஆனா அந்த உப்புன மண்டைய பிரிக்ஸ்ல ஒழுங்கா கொண்டு வர்றதுக்குள்ள பிராணன் போயிடும். ஆன்-124 அப்படி இல்ல, 1982ல மொதமொதலா பறந்த சோவியத் காலத்து சரக்கு விமானம், மூக்கு அப்படியே மேல தூக்கும், பின்னாடியும் கதவு உண்டு, லோடு ஏத்த வசதியா முன் சக்கரத்த மடக்கிட்டு யானை மாதிரி மண்டி போடும். மோட்டாருக்கு இதவிட நல்ல வேலை கெடைக்காது.

கட்டுறதப் பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, கட்டி முடிச்சு போட்டோ எடுத்தப்பறம் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்றதே இல்ல. இவ்ளோ நாள் வச்சிருந்ததுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான், பறக்காத விமானத்துக்கும் எடைதான் எதிரி. அளவ ரெண்டு மடங்கு ஆக்குனா எடை எட்டு மடங்கு பக்கம் ஏறும், ஆனா எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கிற பின்னு அதே சின்ன பின்னுதான், அது வளராது. கையளவு மாடல்ல கல்லு மாதிரி நிக்கிற ஜாயிண்ட்டு நாலடி மாடல்ல ஆறே மாசத்துல தொங்க ஆரம்பிக்கும்.

இறக்கைய எடுத்துக்கங்க. ஒவ்வொரு பக்கமும் ரெண்டடி அந்தரத்துல நிக்கணும். டெக்னிக் பீம்ல பெருசு 15 ஓட்டை, ஒரு ஓட்டைக்கு 8 மில்லிமீட்டர்னா மொத்தமே 12 சென்டிமீட்டர்தான், அதனால செங்கல் அடுக்குற கணக்கா ஒண்ணு முடியற எடத்துல இன்னொண்ணு தாண்டி வர்ற மாதிரி மூணு அடுக்கு போட்டேன். புதுசுல ஜம்முனு நின்னுச்சு. மாடி ரூம்ல மே மாசம் மதியம் என்ன சூடு இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம், அந்தச் சூட்டுக்கெல்லாம் ஏபிஎஸ், அதாவது லெகோ பிளாஸ்டிக், உருகாது, ஆனா ஓயாம பாரம் தாங்குற பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு கொடுக்கும், சூட்டுல அது இன்னும் வேகமா நடக்கும். இப்ப நுனி ரெண்டும் ரெண்டு சென்டிமீட்டர் பக்கம் இறங்கியிருக்கு. நல்லவேளை, நிஜ ஆன்-124க்கே இறக்கை நுனி கீழ சாஞ்சுதான் இருக்கும், அதனால பாக்குறவங்க "அட, கரெக்டா பண்ணியிருக்கியே"ன்னு பாராட்டிட்டுப் போறாங்க, நானும் வாயத் தொறக்கறதில்ல.

ஆனா இறக்கைக்குள்ள ஓடுற ஆக்சிலுக்கு, அதாவது மோட்டாரோட சுழற்சியக் கொண்டு போற தண்டுக்கு, இந்த ஏமாத்து வேலையெல்லாம் தெரியாது. இறக்கை வளைஞ்சா ஃப்ளாப்ப (இறக்கையோட பின் விளிம்புல இறங்குற பலகை) இயக்குற ஆக்சிலும் ஓட்டைக்குள்ள சாஞ்சு உரசுது, மோட்டார் முக்குது, இடது பக்க ஃப்ளாப் பாதியிலயே நின்னுடுது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் உள்ள 4 மில்லிமீட்டர் கார்பன் ராடு விட்டுட்டான், அவன் இறக்கை இன்னிக்கும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா நிக்குது. நான் பிரிக்ஸ் தவிர வேற பொருள உள்ள விட மாட்டேன்னு வீம்புக்கு நிக்கிறேன், அது என் இஷ்டம், நீங்க புதுசா கட்டுறதா இருந்தா பேசாம ராடு போட்டுடுங்க.

எஞ்சின் கதை தனி. நாலு எஞ்சினும் இறக்கைக்குக் கீழ தொங்கும், உடம்புக்குள்ள ஒரே மோட்டார் வச்சு நாலையும் சுத்தணும்னா ஆக்சில் இறக்கை வழியா போய், பைலான்ல (எஞ்சின இறக்கையோட சேக்குற கை) கீழ திரும்பி, மறுபடி முன்னாடி திரும்பணும், ஒரு எஞ்சினுக்கு ரெண்டு திருப்பம், ஒவ்வொரு திருப்பத்துலயும் கியர் கொஞ்சம் சக்தியத் தின்னும். எஞ்சினுக்குள்ளயே மோட்டார் வச்சுடலாமேன்னா, லெகோவோட பழைய பவர் ஃபங்ஷன்ஸ் வரிசைல வர்ற எம் மோட்டார் அந்த கூட்டுக்குள்ள போகும்தான், ஆனா ஒண்ணு 31 கிராம், ஏற்கனவே தொங்குற இறக்கைல நாலு மோட்டார மாட்டி விட மனசு வரல. நான் பண்ணது உள்பக்க எஞ்சின் ரெண்டுக்கு மட்டும் மோட்டார், வெளிப்பக்கம் ரெண்டும் சும்மா ஆக்சில்ல மாட்டி விட்டது. ஹால்ல சீலிங் ஃபேன் போட்டா அது ரெண்டும் தானா சுத்துது. இதுவரைக்கும் ஒரு ஆள் கூடக் கண்டுபிடிக்கல.

இதுல உருப்படியா ஒரு டிப்ஸ். எம் மோட்டார் லோடு இல்லாம நிமிஷத்துக்கு 400 சுத்து பக்கம் சுத்தும், அந்த வேகத்துக்கு ஃபேன் பாக்க மந்தமா இருக்கும், மூணு மடங்கு கூட்டணும். அந்த 24 பல்லு, 8 பல்லு கியர் ஜோடிய மோட்டார் பக்கத்துலயே போட்டுடுங்க, கடைசில எஞ்சின்கிட்ட போடாதீங்க. வேகத்த மொதல்லயே கூட்டிட்டா நீள ஆக்சில் மேல முறுக்கு விசை கம்மியா விழும், ஆக்சில் முறுக்கிக்காது. ஆனா வேகமா சுத்துற எடத்துல தேய்மானம் உண்டு, கொஞ்ச நாள்லயே ஓட்டை வாயில சாம்பல் கலர்ல நைஸ் மாவு மாதிரி படியும், பயப்பட வேண்டாம், பிரஷ் போட்டுத் தட்டி விட்டாப் போதும். "தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடேன்டா"ன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க, விடவே கூடாது, எண்ணெய் பட்டா ஏபிஎஸ் நாளடைவுல விரிசல் விடும். சிலிக்கான் ஸ்ப்ரே வேணா லேசா.

இப்ப நல்ல விஷயத்துக்கு வர்றேன், மூக்கு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு லீனியர் ஆக்சுவேட்டர் (சுத்துனா நீளுற தண்டு), ரெண்டும் ஒரே கியர்ல கோத்தது, இல்லன்னா மூக்கு கோணலா தூக்கும். ஒரு எல் மோட்டார் (எம் மோட்டாரவிடப் பெருசு), வேகத்த கியர்ல மூணுல ஒண்ணா குறைச்சு ஓட்டுது. ஆக்சுவேட்டர் உள்ள இருக்கிறது திருகாணி, அதனால பாதி தூக்குனப்ப கரண்ட் நின்னாலும் மூக்கு அங்கயே நிக்கும், டொப்புனு விழாது. கடைசி வரைக்கும் போயிட்டா உள்ள இருக்கிற கிளட்ச் டக் டக் டக்குனு நழுவும், மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. கட்டுனதுலேருந்து இந்தப் பகுதிய நான் தொடவே இல்ல.

இதுக்கு அசல் டெஸ்ட் நடந்தது நவராத்திரில. கொலுப் படிக்குக் கீழ வழக்கமா பார்க் கட்டுற எடத்துல இந்தத் தடவை ஏர்போர்ட் வைக்கலாம்னு அம்மாவே சொன்னாங்க, கறுப்பு சார்ட் பேப்பர்ல ரன்வே, கோலமாவுல கோடு. மேல் வீட்டு மாமி சுண்டல் கிண்ணத்தோட வந்து நின்னு, "ஏன்டாப்பா, இது பறக்குமா?"

"பறக்காது மாமி, ஆனா மூக்கு தொறக்கும்."

"அப்ப தொறந்து காட்டு."

கிர்ர்ர்னு மூக்கு மெதுவா மேல போச்சு, முன்பக்கம் மண்டி போட்டுச்சு, ரேம்ப் இறங்குச்சு, உள்ள மரப்பாச்சி செட்டியார் மளிகை மூட்டையோட உக்காந்திருந்தார், அது அம்மா ஐடியா. மாமி சிரிச்ச சிரிப்புல சுண்டல் ரன்வேல கொட்டிடுச்சு. அதுக்கப்பறம் சாயங்காலம் ஆனா தெருப் பசங்க அத்தனை பேரும் எங்க வீட்லதான், ரிமோட்ட ஒருத்தன் கையிலேருந்து இன்னொருத்தன் புடுங்கி அமுக்கிட்டே இருந்தானுங்க. ஒன்பது நாளும் மூக்கு அசரல. மண்டி போடுறது மட்டும் கடைசில மக்கர் பண்ணுச்சு, மொத்த முன் எடையும் ஒரே வோர்ம் கியர் (திருகு மாதிரி இருக்கிற கியர்) மேல விழுது, அதுல கோத்த 24 பல்லு கியர்ல பல்லு ஓரம் தேஞ்சு போச்சு. கியர் மாத்த பத்து ரூபா பொருள், ஆனா அத எட்ட முன்பக்கம் மொத்தத்தையும் பிரிக்கணும்.

கண்ட்ரோலுக்கு டெக்னிக் ஹப், அதாவது மோட்டார்கள இயக்குற லெகோ பேட்டரி பாக்ஸ், நாலு போர்ட், நாலுக்கும் வேலை இருக்கு: மூக்கு, மண்டி, பின் கதவு, ஃப்ளாப். ஃபேனுக்கு மட்டும் பழைய பவர் ஃபங்ஷன்ஸ் பேட்டரி பாக்ஸ் தனி. போன் ஆப்ப நம்பிக் கட்டுறது எனக்குப் பிடிக்கல, போன் மாத்துனா, ஆப் அப்டேட் ஆனா பொம்மை ஊமையாயிடும். பைப்ரிக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் (ஹப்ப உள்ளிருந்து இயக்குற சாஃப்ட்வேர்) இருக்கு, அத ஹப்புல ஏத்திட்டா புரோகிராம் ஹப்புக்குள்ளயே உக்காந்துக்கும், லெகோவோட சின்ன ரிமோட் போதும், மோட்டார் முட்டி நின்னா தானா ஆஃப் ஆகுற மாதிரியும் எழுதிக்கலாம். பைத்தான் அரைகுறையா தெரிஞ்சாலே சமாளிச்சுடலாம்.

ரெண்டு பாக்ஸும் சேந்து பன்னெண்டு ஏஏ செல். அல்கலைன் போட்டு மறந்துட்டீங்கன்னா நம்ம ஊரு வெக்கைல ஒழுகிடும், ரிச்சி ஸ்ட்ரீட்ல நல்ல ரீசார்ஜபிள் செல்லா வாங்கிக்கங்க. ஒண்ணு 1.2 வோல்ட்தான், ஆறு சேந்து 7.2, அதனால எல்லாமே கொஞ்சம் மெதுவா நடக்கும், நிஜ விமானமும் மூக்க அவசர அவசரமா தூக்காதுன்னு மனச தேத்திக்கலாம். செல்லு மாத்த வழி எங்கன்னு டிசைன் பண்றப்பவே முடிவு பண்ணிடுங்க, எனக்கு பின் கதவு வழியா டிராயர் மாதிரி இழுத்துடலாம். திருவான்மியூர்ல கடல் பக்கம் இருக்கிற ஃப்ரெண்டு வீட்ல பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்துடுச்சு, அந்தப் பக்கம் இருக்கிறவங்க வேலை முடிஞ்சதும் செல்லக் கழட்டி வச்சுடறது உத்தமம்.

டயர். மொத்தம் 24 சக்கரம், நிஜத்துல இருக்கிற அதே எண்ணிக்கை. ரப்பர் டயர் போட்டு அஞ்சு கிலோவ நிக்க வச்சா அடியில சப்பையாயிடுது, இப்ப வயித்துக்குக் கீழ ஒரு மரக்கட்டை குடுத்து பாரத்த அதுல இறக்கியிருக்கேன்.

வெள்ளைப் பார்ட்ஸ் ஜன்னல் பக்கம் இருந்த பாதி லேசா பழுப்பேறிடுச்சு, இன்னொரு பாதி புதுசு மாதிரியே இருக்கு, பளிச்சுனு வித்தியாசம் தெரியுது. வெயில் படுற எடத்துல வைக்கவே வைக்காதீங்க. தூசிக்கு மேக்கப் பிரஷ்தான் பெஸ்ட்டு, ரொம்ப அழுக்குன்னா பிரிச்சு வெதுவெதுப்பான தண்ணி, 40 டிகிரிக்கு மேல போகக் கூடாது, மோட்டார் ஹப் பக்கம் தண்ணியே கூடாது.

பார்ட்ஸ் வாங்குற பாடு இருக்கே. 2020ல பொம்மை இறக்குமதி வரிய 20லேருந்து 60 சதவீதம் ஆக்குனாங்க, 2023ல 70. 2021 ஜனவரிலேருந்து இங்க விக்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேற கட்டாயம். பிரிக்லிங்க்ல (லெகோ பார்ட்ஸ் விக்கிற ஆன்லைன் சந்தை) வெளிநாட்டுக் கடைலேருந்து சில்லறையா வரவழைச்சா பொருள் விலைய ஷிப்பிங்கும் வரியும் முழுங்கிடும். துபாய், சிங்கப்பூர்லேருந்து யாராவது வந்தா பெட்டில ஒரு ஓரம் கேட்டு வாங்குறதுதான் நடைமுறை, எங்க அத்திம்பேர் ரெண்டு தடவை கொண்டு வந்தார், மூணாவது தடவை போனையே எடுக்கல. டூப்ளிகேட் பார்ட்ஸும் கொஞ்சம் கலந்திருக்கேன், மேல் தோலுக்கு ஓகே, கலர்ல மட்டும் லேசா சாயம் மாறும். பின்னும் கியரும் மட்டும் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம், ஒண்ணு தொளதொளன்னு இருக்கும், இன்னொண்ணு உள்ள போனா வெளிய வராது, பாரம் தாங்குற எடத்துல அதப் போட்டா இறக்கை ஒரு நாள் கையோட வந்துடும்.

நாங்களும் கட்டலாமான்னு கேட்டா, மொத மாடலுக்கு 1:60 வேண்டாம், 1:100 போதும், கிட்டத்தட்ட ரெண்டரை அடி இறக்கை, பீரோ மேல உக்காரும், எடையும் பின்னு தாங்குற அளவுல இருக்கும். மூக்குக்கு ஒரு மோட்டார், மண்டி போடுறதுக்கு ஒண்ணு, அவ்ளோதான், ஃப்ளாப்புக்கு ஆசைப்படாதீங்க. இறக்கைய கழட்டி மாட்டுற மாதிரி மட்டும் கண்டிப்பா வைங்க, வாடகை வீடு மாறுறப்ப தெரியும் அதோட அருமை. என்னுது இப்ப இடது இறக்கை மட்டும் டைனிங் டேபிள் மேல பிரிஞ்சு கெடக்கு, ஃப்ளாப் ஆக்சில நடுவுல வெட்டி ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைஞ்சாலும் சுத்துற இணைப்பு) போட்டுப் பாத்துட்டிருக்கேன், சரியா வந்தா அந்த ஸ்டுடியோ ஃபைல கேக்குறவங்களுக்குத் தர்றேன்.