‘ஏர்போர்ட் அப்ரூவ்ட்’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: கோயில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் கவனத்துக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலாவுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் போவதாக இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எங்கள் 11 பேருக்கு நடந்தது அடுத்த குழுவுக்கும் நடக்கக் கூடாது.

எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்த முகவரின் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர் விற்ற போத்தல் செட்டைப் பற்றியும் அவர் சொன்ன பொய்களைப் பற்றியும் எழுதலாம். அதே பொருளை வேறு இடங்களிலும் விற்பதாகக் கேள்விப்படுகிறேன்.

என் அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லய வீட்டை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். இத்தனை வருடத்தில் அவர் விமானம் ஏறியதே இல்லை. தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது சமயபுரத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை எழுந்து நடந்தால் நேரில் வந்து, தன் கையால் காய்ச்சிய நெய்யில் விளக்கு ஏற்றுவதாக. தம்பி எழுந்து நடந்தான். அம்மா மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்), 200 வெள்ளி என்று முகவரிடம் கட்ட ஆரம்பித்தார். மொத்தம் 3,480 வெள்ளி. அவருக்குத் துணையாக நானும் கட்டினேன். எங்களோடு பழைய தோட்டத்து ஆட்கள் ஒன்பது பேர். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

ரசீதில் முகவரே கையால் எழுதிக் கொடுத்தார்: டிக்கெட், விசா, ஹோட்டல், சாப்பாடு, ஆளுக்கு 20 கிலோ பெட்டி. அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லாரையும் கடைக்கு அழைத்தார். மேசையில் வரிசையாகப் பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் ஆறு காலி போத்தல்கள். வெளியே தங்க நிறத்தில் ‘ஏர்போர்ட் அப்ரூவ்ட்’ என்று ஸ்டிக்கர். "அம்மா, எண்ணெய், ஷாம்பு, மருந்து எதுவானாலும் இந்தப் போத்தலில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லையென்றால் ஏர்போர்ட்டில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்" என்றார். ஒரு செட் 49 வெள்ளி. "தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அம்மா உடனே காசை எடுத்துக் கொடுத்தார். 11 பேரும் வாங்கினோம். நான் அதற்கு முன் ஒரே ஒரு முறை உள்நாட்டு விமானத்தில் கோத்தா கினாபாலு போயிருக்கிறேன். அப்போது என் ஷாம்புவை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா அடுப்படியில்தான் இருந்தார். மாடு வைத்திருக்கும் தெரிந்தவர் வீட்டிலிருந்து பால் வாங்கி, ஆடையெடுத்து, வெண்ணெய் கடைந்து, முருங்கைக் கீரை போட்டு நெய் காய்ச்சினார். கறிவேப்பிலை, வெந்தயம், செம்பருத்தி போட்டுத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினார். நெய்க்கு ஒரு போத்தல், எண்ணெய்க்கு ஒன்று, ஷாம்புவுக்கு ஒன்று. எல்லாம் தங்க ஸ்டிக்கர் பைக்குள்.

வேனில் இரவோடு இரவாக கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் இரண்டாம் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முகவர் வரவில்லை, ஒரு பையனை அனுப்பியிருந்தார். அந்தப் பையன் டிக்கெட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டு வேனிலேயே திரும்பிவிட்டான். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இந்த டிக்கெட்டில் பெட்டி போட முடியாது, ஆளுக்கு 7 கிலோ கைப்பை மட்டும்தான். ரசீதைக் காட்டினேன். அது முகவருடைய ரசீது, எங்களிடம் அவர் பெட்டிக்குப் பணம் கட்டவில்லை என்றார் பொறுமையாக. முகவருக்கு அழைத்தோம். போன் அடைத்திருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு, வயதான பெண்கள் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்துச் சேலைகளை எடுத்து வெளியே போட்டதை நான் மறக்கவே மாட்டேன். கடைசியில் எல்லாரிடமும் வசூல் செய்து இரண்டு பெட்டிக்கு மட்டும் அங்கேயே பணம் கட்டினோம். முன்கூட்டிக் கட்டுவதைவிட கவுண்டரில் கட்டினால் விலை மிக அதிகம்.

இதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த இரண்டு பெட்டியில் சேலை, அரிசி மாவு, முறுக்கு எல்லாவற்றையும் திணித்தோம். நெய்யையும் எண்ணெயையும் வைக்க இடம் இருந்தது. வைத்திருந்தால் ஒரு பிரச்சனையும் இல்லாமல் திருச்சிக்குப் போயிருக்கும். "அதுதான் அப்ரூவ்ட் போத்தலில் இருக்கிறதே" என்று கைப்பையிலேயே விட்டோம்.

பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் பை தனியாக ஒதுங்கியது. இளம் மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர் போத்தல்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் எந்த அளவும் போட்டிருக்கவில்லை. "மக்சிக், இனி தக் போலே" என்றார். ‘பெரியம்மா, இதைக் கொண்டுபோக முடியாது’ என்று அர்த்தம். அம்மா ஸ்டிக்கரைக் காட்டினார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்த அறிவிப்பைக் காட்டினார். அம்மா நெய்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இது சாமிக்கு, சாமிக்கு என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் அம்மாவின் கையைத் தொட்டு மெதுவாக வாங்கினார். வெளியே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்றும் சொன்னார். ஆனால் பெட்டிகள் உள்ளே போய்விட்டன, நேரமும் இல்லை. அந்த அதிகாரி மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார்.

எங்களில் ஒரு பாட்டிக்கு நடந்தது இதைவிட மோசம். மலச்சிக்கலுக்கு மருத்துவமனையில் கொடுத்த சிரப்பை, முகவர் சொன்னபடி செட் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். மருந்துக்கு விதிவிலக்கு உண்டு. பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப்போகலாம். ஆனால் அது மருந்து என்பதைக் காட்ட வேண்டும். லேபிள் ஒட்டிய பழைய போத்தல் வீட்டுக் குப்பையில். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பிசுபிசுவென்று இருப்பதை மருந்து என்று யார் நம்புவார்கள்? அதுவும் போனது. அந்தப் பாட்டி பயணத்தில் பட்ட அவதியை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

திரும்பி வந்ததும் நான் வாங்கிய செட்டின் போத்தலில் தண்ணீர் நிரப்பி, சமையலறை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். 150 மில்லி. ஆறும் அப்படித்தான். கைப்பையில் போகும் திரவத்துக்கு விதி 100 மில்லி. கவனியுங்கள், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, போத்தல் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கணக்கு. 150 மில்லி போத்தலில் இரண்டு சொட்டு எண்ணெய் இருந்தாலும் அதை எடுத்துவிடலாம். 100 மில்லிக்கு மேல் போகாத போத்தல்கள் எல்லாம் சேர்ந்து, திறந்து மூடக்கூடிய, உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். அந்தப் பை ஒரு லிட்டர் பிடிப்பது, ஏறக்குறைய 20-க்கு 20 சென்டிமீட்டர். ஆளுக்கு ஒன்று. அவர் விற்ற பை அதைவிடப் பெரிது, உள்ளே இருப்பதும் மங்கலாகத்தான் தெரியும். ஆக, போத்தலும் தவறு, பையும் தவறு, ஸ்டிக்கர் முழுப் பொய். எந்த விமான நிலையமும் போத்தல் செட்டுக்கு ஒப்புதல் முத்திரை கொடுப்பதில்லை.

திரவம் என்றால் தண்ணீர் மாதிரி ஓடுவது மட்டும் இல்லை. நெய், ஊறுகாய், சம்பல் (மிளகாய் விழுது), பற்பசை, தலைமுடிக்குப் பூசும் ஜெல், முகத்துக்குப் பூசும் கிரீம், ஸ்ப்ரே எல்லாம் இதில் சேரும். உறைந்த நெய்யும் திரவக் கணக்குதான். சீயக்காய்த் தூள், சோப்புக் கட்டி, விபூதி இதில் வராது. பெரியவர்கள் கைவிடாமல் வைத்திருக்கும் கோடாலித் தைலம் சின்னப் போத்தல்தான், பைக்குள் வைத்தால் போகும்.

இந்த விதி நம்மைத் தொந்தரவு செய்ய வந்ததில்லை. 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து போகும் விமானங்களைக் குளிர்பானப் போத்தலில் மறைத்த திரவ வெடிமருந்தால் தகர்க்கப் போட்ட திட்டத்தைப் போலீஸ் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க இது வந்தது. இத்தனை வருடமாக ஊரறிந்த விதி, டிக்கெட் விற்றுப் பிழைக்கும் ஒருவருக்குத் தெரியாது என்றால் நான் எப்படி நம்புவது?

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில் "அக்கா, அன்றைக்கு இருந்த ஆபிசர் சரியில்லை" என்றார். அப்புறம் போனை எடுத்து, 100 மில்லி விதி நீங்கிவிட்டது என்று யாரோ பரப்பிய செய்தியைக் காட்டினார். சில வெளிநாட்டு விமான நிலையங்களில் புதிய ஸ்கேனர் வைத்துத் தளர்த்தியிருப்பது உண்மை. அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் எந்த நிலையத்தில் சோதனைக்கு நிற்கிறோமோ அந்த நிலையத்தின் விதிதான் நமக்கு. இடையில் இறங்கி வேறு விமானம் ஏறுவதாக இருந்தால் அங்கேயும் ஒரு சோதனை. 20 கிலோவைப் பற்றிக் கேட்டபோது, "அது குரூப்புக்கு மொத்தமாக எழுதியது" என்றார். குரூப்புக்கும் அவர் ஒரு கிலோ கூடக் கட்டவில்லை. செட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர முடியாது, திறந்த பொருள் என்றார்.

போகிறவர்கள் இப்போதே செய்ய வேண்டியது இதுதான். முகவர் அனுப்பும் படத்தை நம்பி இருக்காதீர்கள். முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு, பெட்டிக்கு எத்தனை கிலோ என்று நீங்களே பாருங்கள். எண்ணைத் தர இழுத்தடித்தால் அங்கேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். சுற்றுலா முகவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். கே.பி.கே./எல்.என். என்று தொடங்கும் எண் அது. எங்கள் ரசீதில் அந்த எண்ணே இல்லை. நான் அதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

எண்ணெயும் நெய்யும் பெட்டியில் போகட்டும். மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து இறுக்கி, இரண்டு பைக்குள் கட்டுங்கள். மேலே போகும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், போத்தலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். அதனால் பாதி காலியான போத்தல்தான் அதிகம் கசியும். நெகிழும் போத்தல் என்றால் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மருந்தை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள். லேபிளோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் அதைப் பெட்டியில் போடவே கூடாது, சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும். திரும்பும்போது இராமேசுவரத் தீர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரலாம் என்று முகவர் சொல்வார். அங்கேயும் இதே 100 மில்லிதான்.

அம்மா சமயபுரத்தில் கோயில் வாசல் கடையில் விற்ற நெய் விளக்கை வாங்கி ஏற்றினார். ஏற்றிவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். "வேண்டுதல் பாதிதான் முடிந்தது, மறுபடியும் வரணும்" என்று மட்டும் சொன்னார்.

பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு போடப் போகிறேன். முதல் படிவத்துக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. எங்கள் குழுவில் நான்கு பேர் ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் "போனால் போகட்டும், சாமி காரியம்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே கடை வாசலில் அடுத்த பயணத்துக்கு விளம்பரப் பலகை தொங்குகிறது, மேசையில் அதே தங்க ஸ்டிக்கர் பைகள். முன்பு அங்கே பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் அந்தப் போத்தல்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சாட்சிக்கு வேண்டும்.