லக்கி 15 போடுவோருக்கு உதவும் கணிப்பான்

பிரிட்டன் குதிரைப் பந்தயங்களில் கட்டும் பணத்துக்கு எவ்வளவு திரும்பும் என்று கணக்கிட்டுத் தரும் இலவச இணையக் கணிப்பான்களுள் ஒன்றைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒற்றைப் பந்தயத்துக்கு இது தேவையே இல்லை, மனக்கணக்கே போதும். நான்கு குதிரைகளைத் தேர்ந்து, தனித்தனியாக 4, இரண்டிரண்டாக 6, மும்மூன்றாக 4, நான்கும் சேர்ந்து 1 என 15 பந்தயங்களாக விரியும் ‘லக்கி 15’ போன்றவற்றில்தான் இதன் அருமை தெரிகிறது.

வெற்றிக்குப் பாதி, முன்னணி இடங்களுள் ஒன்றைப் பிடிப்பதற்குப் பாதி எனப் பணம் கட்டும் ‘ஈச் வே’ கணக்கும் தெளிவாக இருக்கிறது. 8/1 விகிதத்தில் (ஒரு பவுண்டுக்கு எட்டு பவுண்டு ஆதாயம்) வெற்றிக்கு 10 பவுண்டும் இடத்துக்கு 10 பவுண்டும் கட்டிய குதிரை இரண்டாவதாக வந்தால், இடத்துக்குக் கால் பங்கு விகிதம் என்ற நிபந்தனையில் 30 பவுண்டு திரும்பும் என்று காட்டுவதோடு நில்லாமல், கட்டியது 20 என்பதால் ஆதாயம் 10 மட்டுமே என்பதையும் தனி வரியில் காட்டுகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

‘ரூல் 4’ கழிவில்தான் சறுக்குகிறது. நாம் பணம் கட்டிய பின் 3/1 விகிதத்தில் இருந்த வேறொரு குதிரை விலகினால், ஆதாயத்தில் பவுண்டுக்கு 25 பென்ஸ் பிடிக்கப்படும். அந்த எண்ணை நாமே தேடி இட வேண்டியிருக்கிறது, அதற்கான கட்டமோ கைப்பேசித் திரையில் எளிதில் கண்ணில் படுவதில்லை. அதை நிரப்பாமல் விட்டால், கைக்கு வராத தொகையைத் தடித்த எழுத்தில் காட்டிவிடும்.