சேலம் சாஃப்ட்பால் போட்டிக்கு அழைத்த அம்பயர்கள் எப்படி?

பேஸ்பால் மாதிரியான ஆட்டம்தான் சாஃப்ட்பால். எங்கள் பெண்கள் அணி போட்டிக்குப் பணம் பேசி அழைத்த இரண்டு அம்பயர்களில், பேட்டருக்குப் பின்னால் நிற்கிற பிளேட் அம்பயருக்கு முழு மார்க். இடது கை விரல்களில் 'பால்' (சரியாக வீசப்படாத பந்து), வலது கை விரல்களில் 'ஸ்டிரைக்' (பேட்டருக்கு எதிராகக் கணக்காகும் பந்து) எத்தனை என்று காட்டி, அவுட்ஃபீல்டில் நிற்கிற பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி கணக்கைச் சொன்னார். முதல் இரண்டு பேஸிலும் ரன்னர்கள், ஒரு அவுட், பந்து இன்ஃபீல்டுக்கு (பேஸ்களைச் சுற்றிய உள்பகுதி) மேலே எழும்பியதுமே 'இன்ஃபீல்ட் ஃபிளை, பேட்டர் அவுட்' என்று கத்திவிட்டார்; அதாவது பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். இல்லாவிட்டால் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவள்) பந்தை வேண்டுமென்றே கீழே விட்டு இரண்டு அவுட் எடுக்கப் பார்த்திருப்பாள்.

பேஸ்களைப் பார்க்கிற பேஸ் அம்பயர் நேரெதிர். ரன்னருக்கு ஏன் அவுட் கொடுக்கவில்லை என்று எங்கள் கேப்டன் மரியாதையாகத்தான் கேட்டாள், 'போம்மா, போய் ஆடு' என்று விரலை நீட்டினார். 'டேக் பண்றதுக்கு (பந்தால தொடறதுக்கு) முன்னாடியே ரன்னர் கால் பேஸ்ல பட்டுடுச்சும்மா' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அப்புறம் யார் வாய் திறக்கப் போகிறார்கள்? பள்ளிப் பிள்ளைகளிடம் எரிந்து விழுவது கண்டிப்பு ஆகாது. அடுத்த போட்டிக்கு முன்னவரை மட்டும்தான் கூப்பிடுகிறோம்.