525 மடங்கு என்று போட்ட டெலஸ்கோப்பை வாங்கிவிடாதீர்கள்

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வானம் என்றால் உயிர். அவளுக்காகப் போன டிசம்பரில் 7,800 ரூபாய் கொடுத்து ஒரு டெலஸ்கோப் வாங்கி ஏமாந்தேன். எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. அதே பெட்டியை இன்னும் பல கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 525 மடங்கு என்று இருந்தது. பக்கத்தில் வளையத்தோடு சனி, ஊதாவும் சிவப்புமாக ஒரு நெபுலா, அதாவது விண்வெளி மேகம். "சார், இந்த விலைக்கு இவ்வளவு பவர் வேற எங்கயும் கிடைக்காது" என்றார் கடைக்காரர். டெலஸ்கோப்பை வாசலில் நிறுத்தி எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் காட்டினார். எழுத்து தலைகீழாக இருந்தாலும் பளிச்சென்று தெரிந்தது. டெலஸ்கோப்பில் தலைகீழாகத்தான் தெரியும் என்றார், அது உண்மைதான். ஆனால் அப்போது கண் வைக்கும் இடத்தில் அவர் மாட்டியிருந்தது, இருப்பதிலேயே பவர் குறைந்த லென்ஸ். அதை மட்டும் சொல்லவில்லை.

அன்று இரவு மொட்டை மாடியில் வியாழனைத் தேடினோம். குறிபார்க்க மேலே வைத்திருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய் வைத்த இடத்தில் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் போராடி ஒருவழியாகப் பிடித்தால், மங்கலான வெளிச்சம் ஒன்று கொதிக்கிற தண்ணீர் போல அலைந்தது. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே குழாய் முழுக்க நடுங்கியது. நடுக்கம் அடங்குவதற்குள் வியாழன் ஓடிப்போயிருந்தது. "எனக்குத்தான் பாக்கத் தெரியலையாப்பா?" என்று கேட்டாள் மகள். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். டெலஸ்கோப்பின் குவியத் தூரம் 700 மி.மீ., கண் வைக்கும் லென்ஸினுடையது 4 மி.மீ.; வகுத்தால் 175 மடங்கு. அதோடு பவரை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணை லென்ஸைச் சேர்த்துப் பெருக்கினால் 525. கணக்கு சரி. ஆனால் உள்ளே வெளிச்சத்தைத் திரட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற கண்ணாடியின் அகலம் 76 மி.மீ.தான். ஒரு மி.மீ. அகலத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் உச்சம் என்றார் அவர். அப்படிப் பார்த்தால் 150 சொச்சத்துக்கு மேல் போகவே கூடாது. அதைத் தாண்டினால் உருவம் பெரிதாகும். புதிதாக எதுவும் தெரியாது, இருட்டிக்கொண்டே போகும். 525-ல் பார்வைக்கு அகப்படும் வானம் அவ்வளவு குறுகல் என்பதால், பூமி சுழலும் வேகத்தில் கிரகம் இருபது நொடிக்குள் கடந்துவிடுமாம்.

பார்லோவைக் கழற்றிப் போட்டார். 20 மி.மீ. லென்ஸை மாட்டினார், 35 மடங்கு. ஸ்டாண்டின் நடுவில் ஒரு பையில் மணலைக் கட்டித் தொங்கவிட்டார். வியாழனும் பக்கத்தில் வரிசையாக நான்கு புள்ளிகளும் தெரிந்தன. 1610-ல் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலவுகள். மகள் நகரவே இல்லை. அதாவது கண்ணாடி மோசமில்லை. ஸ்டாண்டும் லென்ஸ்களும் குப்பை, பெட்டியில் இருக்கும் எண்ணோ வெறும் ஆசைகாட்டல். நல்ல லென்ஸ் வாங்கி மாட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இதன் வாய் 24.5 மி.மீ.; நல்ல லென்ஸ்கள் வருவது 31.7 மி.மீ. அளவில்.

மறுநாளே கடைக்குப் போனேன். "பெட்டி பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க முடியாது" என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதியிருந்தார்கள். புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் பவர் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கண்ணாடியின் அகலம் எவ்வளவு, ஸ்டாண்ட் ஆடுமா, லென்ஸ் வாய் 31.7 மி.மீ. தானா, இந்த மூன்றையும் கேளுங்கள். கடையிலேயே ஃபோகஸ் திருகைத் திருகிப் பாருங்கள். படம் ஆடினால் வந்துவிடுங்கள். கையிருப்பு இவ்வளவுதான் என்று முன்பே சொல்லியிருந்தால், ஒரு நல்ல 10x50 (பத்து மடங்கு, முன்லென்ஸ் 50 மி.மீ.) பைனாகுலர் வாங்கச் சொல்லியிருப்பேன் என்றார் ஆசிரியர். நிலாவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், வியாழனின் நிலவுகள் எல்லாம் அதிலேயே கிடைக்கும். சனியின் வளையத்துக்கு டெலஸ்கோப் வேண்டும். அதற்குக் காசு சேர்த்து, மேசையில் வைக்கும் 130 மி.மீ. டாப்சோனியன் வகை டெலஸ்கோப் வாங்கலாம். 76 மி.மீ. கண்ணாடியைப்போல ஏறக்குறைய மூன்று பங்கு வெளிச்சம் பிடிக்கும், பெட்டி போன்ற அடித்தளம் என்பதால் ஆடாது. ஒன்று மட்டும், எந்த டெலஸ்கோப்பிலும் நெபுலா பெட்டிப் படத்தின் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஓரியன் நெபுலாவே சாம்பல் நிறப் புகை மாதிரிதான் இருக்கும். குழந்தைக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் பணம் போன கதை. பெட்டிக்குள் வேறொன்றும் இருந்தது. லென்ஸின் அடியில் திருகி மாட்டுகிற, சூரியன் பார்க்க என்று கொடுத்த கறுப்புக் கண்ணாடி வில்லை. கடைக்காரர் அதை இலவசம் என்று சந்தோஷமாகக் கொடுத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை சூரியனைப் பார்க்கலாம் என்று மகள் நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். ஆசிரியர் அதைப் பார்த்ததும் முகம் மாறிப்போனார். டெலஸ்கோப் திரட்டும் வெயில் முழுவதும் அந்தச் சின்ன வில்லையின் அருகில்தான் வந்து குவிகிறது. சூட்டில் அது விரிசல் விட்டால், கண்ணை எடுப்பதற்குள் பார்வை போய்விடும். சூரிய வடிகட்டியை எப்போதும் குழாயின் முன்வாயை முழுக்க மூடும்படிதான் மாட்ட வேண்டும். அங்கேயே சுத்தியலால் அதை உடைத்துப் போட்டோம்.

இதே மாதிரிப் பெட்டி உங்கள் வீட்டிலோ பிள்ளைகளின் பள்ளியிலோ இருந்தால், இன்றே திறந்து அந்த வில்லையைத் தேடி எடுத்து உடைத்துவிடுங்கள்.