நாலு மேக்னம் சுட்டுப் பார்த்தேன், ஒன்றை வாங்கினேன்

என்னிடம் ஏற்கெனவே ஒரு 9 மி.மீ. பிஸ்டல் இருக்கிறது. குளிர்பதன அறை ரிப்பேர் என் தொழில். இறைச்சிக் கடையோ மீன் கடையோ, கம்ப்ரஸர் நின்றுபோனால் நள்ளிரவிலும் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் டர்பன் சாலைகளில் வேனில் தனியாகப் போகிறவன் இடுப்பில் ஒன்று வைத்திருப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். நான் அதற்கு முன்பே எடுத்துவிட்டேன்.

அப்புறம் எதற்கு மேக்னம் துப்பாக்கி என்று வீட்டில் கேட்டார்கள். ஆசைதான், வேறென்ன. சிவகாசியில் பிறந்தவன் நான். மருந்து வாசனை அப்பா சட்டையிலிருந்தே மூக்கில் ஏறிய ஒன்று. துப்பாக்கி மருந்தின் வாசனை அது இல்லை, பட்டாசின் கந்தக நெடி இதில் கிடையாது. ஆனாலும் ஏதோ ஒன்று இழுக்கிறது.

இடுப்பில் செருக, வேட்டைக்குக் கொண்டுபோக, ரேஞ்சில் சுட என்று மூன்றுக்கும் ஒரே மேக்னம் வாங்கிவிடலாம் என்ற கணக்கில்தான் தேட ஆரம்பித்தேன். மச்சானும் அவன் கூட்டாளிகளும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் அவர் துப்பாக்கியை நாம் சுடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்ததில் என் கணக்கு உடைந்தது.

பெயர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேக்னம் என்பது 1.5 லிட்டர் ஷாம்பெயின் பாட்டிலின் பெயர். நம்ம ஊர்க் கணக்கில் இரண்டு ஃபுல். வழக்கமான தோட்டாவைவிட மருந்து அதிகம் என்று காட்டத் தோட்டாக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த .357 அப்படித்தான். பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவையே மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீட்டியிருக்கிறார்கள். குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். பழைய .38 துப்பாக்கிக்குள் இந்தப் புதுச் சரக்கை யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். இதற்கு நேர்மாறாகப் போட்டால் பிரச்சினை இல்லை. .357 ரிவால்வருக்குள் .38 தாராளமாகப் போகும். நான் கடைசியில் எடுத்த முடிவுக்குப் பாதிக் காரணம் இந்த ஒரு வசதிதான்.

முதலில் சுட்டது இடுப்புக்கென்றே செய்த சின்ன ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸனின் ஐந்து குண்டுக்காரன், எடை 350 கிராமுக்கும் குறைவு. கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கும், பேன்ட் பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியாது. அதில் முழு மேக்னம் தோட்டா ஐந்து போட்டுக் கொடுத்தார்கள். முதல் குண்டிலேயே விசைக் காப்பு வளையம் நடுவிரலில் அடித்துத் தோலைக் கிழித்தது. இரண்டாவது குண்டுக்கு முன்னால் என் கண் தானாக மூடிக்கொண்டது. மூன்றாவதோடு கீழே வைத்துவிட்டேன். ஏழு மீட்டர் தூரத்துத் தாளில் இருந்தது இரண்டு ஓட்டை. மூன்றாவது குண்டு எங்கே போனதென்று மச்சான் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தத் துப்பாக்கி மேல் எனக்குக் கோபம் இல்லை. அதில் .38 போட்டால் ஒழுங்காகவே சுடும். ஆனால் .38 போடத்தான் போகிறோம் என்றால் மேக்னத்துக்கு எதற்குக் காசு? என் 9 மி.மீ.யில் பதினைந்து குண்டு இருக்கிறது, உதைப்பு பாதிகூட இல்லை. இடுப்புக்கு மேக்னம் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

அடுத்தது .44 மேக்னம். 1955-இல் வந்தது, சினிமா புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த காலிபர். நான் சுட்டது ரூகர் சூப்பர் பிளாக்ஹாக், ஏழரை அங்குலக் குழல். ஒவ்வொரு குண்டுக்கும் பின்பக்கச் சுத்தியலான குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய பழைய பாணி. இதன் உதைப்பு விநோதமானது. கைப்பிடி கலப்பைப் பிடி மாதிரி வளைந்திருப்பதால், சுட்டதும் துப்பாக்கி உள்ளங்கைக்குள்ளேயே உருண்டு மேலே போகிறது. சின்ன ரிவால்வர் கொடுத்த அறை மாதிரி இல்லை, யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட மாதிரி. ஆறு குண்டும் சுட்டேன், ஆசையாகவும் இருந்தது. பன்னிரண்டாவது குண்டில் மணிக்கட்டு போதும் என்றது. மறுநாள் கம்ப்ரஸர் நட்டைக் கழற்ற ஸ்பானரைப் பிடித்தபோது கை நடுங்கியது. கையை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இது சரிப்படாது.

வேட்டைக்கு என்று பார்த்தால் கைத்துப்பாக்கியே எனக்குத் தேவையில்லை என்பது டர்பனுக்கு வடக்கே பொங்கோலாவில் தெரிந்தது. (முதல்முறை அந்த ஊர்ப் பெயரைக் கேட்டபோது பொங்கல் என்றே காதில் விழுந்தது. மாமனார் வீட்டில் இன்றுவரை சிரிக்கிறார்கள்.) ஜூலைக் குளிரில் போனோம். நாங்கள் எப்போதும் ஜூன், ஜூலையோடு முடித்துக்கொள்வோம். பில்டாங் என்கிற உப்புக்கறி காயவும் அந்தக் காற்றுதான் நல்லது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டுக்குள் கறி நுழையாது, டர்பன் தமிழ் வீடுகளில் அந்த விஷயத்தில் சமரசமே கிடையாது.

மச்சான் .300 வின்செஸ்டர் மேக்னம் கொடுத்தான். எண்பது மீட்டரில் ஒரு ஆண் இம்பாலா மான், பக்கவாட்டில் நின்றது. சுட்டேன், நின்ற இடத்திலேயே விழுந்தது. எல்லோரும் தோளில் தட்டினார்கள். தோலை உரித்துப் பார்த்தால் முன்சப்பை இரண்டும் ரத்தக் கூழ். நாலு கிலோவாவது நாய்க்குப் போயிருக்கும். முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பெரிய மானுக்கென்று இருக்கும் வேகத்தை, எண்பது மீட்டரில் ஐம்பது கிலோ இம்பாலா மேல் இறக்கினால் வேறென்ன ஆகும்? பக்கத்துப் பண்ணையாளர் ஒன்றும் சொல்லவில்லை, தன் பழைய .308-ஐ மட்டும் தட்டிக் காட்டினார். புதரடர்ந்த காட்டில் இம்பாலாவுக்கும் நியாலா மானுக்கும் அது போதும், மேக்னம் வேண்டாம். கூடூ மாதிரிப் பெரிய மான் அடிக்கப் போகிறேன், திறந்த வெளியில் தூரச் சூடு என்கிறவர்களுக்கு .300 நியாயம்தான்.

அதே பயணத்தில் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டும் ஒரே ஒரு குண்டு சுட்டேன். 1912-இல் வந்த தோட்டா. பித்தளைக் கூட்டின் அடியில் குழந்தைக்கு அரைஞாண் கட்டினாற்போல ஒரு வளையம் ஓடும். பின்னால் வந்த .300 வின்செஸ்டருக்கும் அது பரம்பரைச் சொத்தாக வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் எருமை, யானை போன்றவற்றுக்குச் சட்டப்படி இதற்குக் கீழே போகக் கூடாது. பயந்துகொண்டேதான் தோளில் வைத்தேன். வேகமான அறை இல்லை, கூட்டத்தில் ஆள் மேல் ஆள் சாய்ந்தாற்போல ஒரு கனத்த தள்ளு. .300-ஐவிட இது எனக்குப் பிடித்தது என்பதுதான் ஆச்சரியம். ஆனால் எருமை சுட எனக்கு வேலையும் இல்லை, வசதியும் இல்லை.

ஆக மிஞ்சியது ரேஞ்ச். ரேஞ்சுக்கு எது என்று வந்ததும் தேர்வு எளிதாகிவிட்டது. கனமான, நாலு அங்குலக் குழல் கொண்ட .357. ஸ்மித் அண்ட் வெஸன் 686, ரூகர் ஜிபி100 இரண்டையும் ஒரே நாளில் சுட்டேன். விசையின் வழுவழுப்பில் 686 தான் மேல், சந்தேகமே இல்லை. ஜிபி100-இல் குதிரையை இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுட்டால் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலில் தூக்குகிற மாதிரி இருக்கும், முதல் நூறு குண்டுவரை. ஆனால் அதன் உலோக உடலில் திறந்து மூடும் பக்கத் தகடு என்ற பேச்சே இல்லை, ஒரே வார்ப்பு. கைப்பிடியைக் கழற்றி, ஒரு சின்ன ஊசியைச் செருகி, விசைத் தொகுதியை மொத்தமாகக் கீழே இறக்கிவிடலாம். நாள் முழுக்க மெஷின் பிரிக்கிறவனுக்கு இது போதாதா? எடை ஒரு கிலோ சொச்சம். அந்தக் கனம்தான் உதைப்பைத் தின்கிறது. சின்ன ரிவால்வரில் விரலைக் கிழித்த அதே தோட்டாவை இதில் போட்டு ஐம்பது சுட்டேன், கை கையாகவே இருந்தது.

பழையது ஒன்று கடையில் இருந்தது, வாங்கினேன். வாங்கினேன் என்றால் காசு கட்டினேன், அவ்வளவுதான். லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்கும். தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தில் தற்காப்புக்கு 13-ஆம் பிரிவில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும், அது என் 9 மி.மீ.க்குப் போய்விட்டது. இதற்கு 15-ஆம் பிரிவு, அதாவது எப்போதாவது வேட்டையோ விளையாட்டோ சுடுகிறவர்களுக்கானது. அதிலும் கைத்துப்பாக்கி ஒன்றுக்குமேல் கூடாது. ஆகவே இந்த ஒரு இடத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆசைப்பட்டு .44-க்குக் கொடுத்திருந்தால் மாட்டியிருப்பேன். 15-ஆம் பிரிவு லைசென்ஸ் பத்து வருஷம் செல்லும், தற்காப்பு லைசென்ஸுக்கு ஐந்துதான். விண்ணப்பம் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனதென்று ஒருமுறை திரும்பி வந்தது, ஏழு மாதம் ஆயிற்று. எனக்குத் தெரிந்த சிலரைவிட நான் அதிர்ஷ்டக்காரன்.

கைக்கு வந்த அன்று ரேஞ்சுக்குப் போய் .357 போட்டேன். சிலிண்டரின் ஆறு அறையில் இரண்டில் தோட்டா முழுதாக இறங்கவில்லை. விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றது, சிலிண்டரை மூட முடியவில்லை. "அதிகம் சுடாதது, சுத்தம் செய்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லி விற்ற கடை. டார்ச் அடித்துப் பார்த்தால் அறைக்குள் கறுப்பாக ஒரு வளையம், பாத்திரத்தின் அடியில் பிடித்த தீய்வு மாதிரி. முன்னால் வைத்திருந்தவர் வருஷக்கணக்காக .38 மட்டுமே சுட்டிருக்கிறார். கூடு சின்னது என்பதால் அது முடிகிற இடத்தில் கரியும் ஈயமும் சேர்ந்து இறுகிவிடும். நீளமான மேக்னம் கூடு அந்த வளையத்தில் முட்டி நின்றுவிடும். கடைக்குப் போன் போட்டேன், "அது பழுது இல்லை சார், அழுக்கு" என்றார்கள். சொன்னது உண்மைதான், ஆனால் சுத்தம் செய்தோம் என்று சொன்னது யார்? கரைப்பான் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் வெண்கலப் பிரஷ்ஷைத் துரப்பணத்தில் மாட்டி மெதுவாகச் சுற்றினேன். வளையம் செதில் செதிலாக வந்தது. இப்போது ஒவ்வொரு முறை .38 சுட்டு முடித்ததும் ஆறு அறையையும் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் பெட்டகத்தில் வைப்பதில்லை. பழைய .357 வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு வெற்று .357 கூடு கேட்டு ஆறு அறையிலும் போட்டுப் பாருங்கள்.

பதினொரு மாதம் ஆகிறது. இருபத்தைந்து மீட்டரில், இரண்டு கையாலும் பிடித்து, குதிரையை இழுத்து வைத்துச் சுட்டால் ஆறும் உள்ளங்கைக்குள் அடங்கும். என் பிஸ்டலில் அது எனக்கு வராது. கட்டடத்துக்குள் இருக்கும் ரேஞ்சில் மட்டும் மேக்னம் சுடாதீர்கள். வாய்ப்பக்கம் பந்து மாதிரி நெருப்பு வரும், காதுக்குள் அடைப்பான், மேலே கவசம் இரண்டும் போட்டாலும் நெஞ்சில் அதிரும், பக்கத்து வரிசைக்காரர் முகம் சுளிப்பார். ரப்பர் கைப்பிடி நல்லதுதான், ஆனால் டர்பன் வெயிலில் வியர்த்தால் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு குறை விலை. நான் வாங்கும் கடையில் .357 தோட்டா 9 மி.மீ.யைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதுவும் எப்போதும் இருப்பதில்லை.

போன மாதம் மாமனாரைக் கூட்டிப்போனேன். எழுபத்துநாலு வயது, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு .38 போட்டுக் கொடுத்தேன். நிதானமாகச் சுட்டார், நாலு கறுப்புக்குள் விழுந்தது. "மாப்பிள்ளை, இது கோவக்காரி இல்லையே" என்றார். அடுத்ததாக ஒரே ஒரு மேக்னம் போட்டுக் கொடுத்தேன். சுட்டுவிட்டு ரிவால்வரை மேஜையில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "பழைய மாத்திரையே போடு" என்று கை நீட்டினார்.

ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வீட்டில் வைக்க எனக்கு அனுமதி இல்லை. இப்போது பெட்டகத்தில் .38 நூற்றைம்பது, .357 ஐம்பது.