கனமான அலுமினிய ஃப்ரைபேன், முட்டைக்கு எப்படி இருக்கு?

கோட்டிங் எதுவும் இல்லாத வெறும் அலுமினிய ஃப்ரைபேன், 24 செ.மீ அகலம், 3 எம்எம் கனம், பக்கத்துல இருக்க பாத்திரக்கடைல வாங்குனது. எங்க வீட்ல முட்டை இல்லாம காலை டிபன் நடக்காது, அதனால ஆம்லெட், ஆஃபாயில், கலக்கி, பொடிமாஸ்னு எல்லாமே இதுல போட்டு பாத்தாச்சு. நான்ஸ்டிக் வேணாம்னு நினைக்கிறவங்க தாராளமா வாங்கலாம், ஆனா கனத்த பாத்து வாங்குங்க, எல்லாமே அதுலதான் இருக்கு.

அலுமினியம் இரும்பவிட கிட்டத்தட்ட 3 மடங்கு வேகமா சூட்ட கடத்தும், எவர்சில்வரவிட 10 மடங்குக்கும் மேல. தகடு மெல்லிசா இருந்துச்சுன்னா பர்னர் தீ எங்க படுதோ அங்க மட்டும் கருகிரும், மத்த இடத்துல வெள்ளைக்கரு கொழகொழன்னு நிக்கும். இது கனமா இருக்கறதால சூடு பரவி நடுவும் ஓரமும் ஒண்ணா வேகுது. தீய குறைச்சா பேனும் சட்டுனு அடங்குது, அதனால கலக்கிக்கு செம, ஓரம் வெள்ளையா மாறும்போதே நாலு பக்கமும் மடிச்சு அடுப்ப அணைச்சிட்டா உள்ள தளதளன்னு அப்படியே நிக்குது.

ஒட்டுமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஒட்டும், சூடு பத்தாம ஊத்துனா. முதல்ல வெறும் பேன மீடியம் தீல வைங்க, ஒரு சொட்டு தண்ணி தெளிச்சா சுர்ருன்னு ஆவியாகணும், அப்புறம் எண்ணெய், அந்த எண்ணெய் லேசா நெளிஞ்சு ஓடும்போது முட்டை. ஊத்துன உடனே கரண்டிய போடாதீங்க, அடி வெந்ததும் அதுவே விட்டு குடுக்கும், அதுக்கு முன்னாடி சுரண்டுனா பிஞ்சுதான் வரும்.

பேன்லயே முட்டைய உடைச்சு அடிக்கற பழக்கம் இருந்தா விட்ருங்க. வெள்ளைக்கரு காரத்தன்மை உள்ளது, முட்டை பழசாக பழசாக அது கூடும், அலுமினியத்துல வச்சு அடிச்சா சாம்பல் கலரடிக்கும். தக்காளி பொடிமாஸ் செஞ்சா புளிப்பு பட்டு மெட்டல் வாடை வருது, அத எவர்சில்வர் கடாய்ல செய்யறதுதான் நல்லது. வெறும் ஆம்லெட்டுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் அடுப்புல இருக்கு, அதுக்கு எனக்கு பயம் இல்ல. அலுமினிய பாத்திரத்துல முட்டை அவிச்சா உள்பக்கம் கருக்கும், அதுக்கு புளித்தண்ணி ஊத்தி கொதிக்க வச்சா போயிரும், கம்பி நார் போட்டு தேய்ச்சு பள்ளம் பண்ணாதீங்க.

குறைன்னா, கடைக்காரர் இண்டக்ஷன்லயும் வேலை செய்யும்ணே, எடுத்துட்டு போங்கன்னு அடிச்சு சொன்னார், சுத்த பொய், அடில ஸ்டீல் தகடு பதிக்காத அலுமினியத்த இண்டக்ஷன் கண்டுக்கவே கண்டுக்காது. கேஸ் அடுப்பு இல்லாதவங்க வாங்கிராதீங்க. கைப்பிடி ஸ்க்ரூவும் அடிக்கடி லூசாகுது, ரிவெட் அடிச்ச மாடல் கிடைச்சா அத எடுங்க.

அப்புறம் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க, அலுமினிய பாத்திரத்துக்கு ஐஎஸ் 1660ன்னு நம்பர் போட்டிருக்கணும். 2024ல மத்திய அரசு ஆர்டர் போட்டு அத கட்டாயம் ஆக்கிருக்காங்க. முத்திரை இல்லாம எடை போட்டு விக்கறது என்ன பழைய இரும்புக்கடை சரக்க உருக்குனதுன்னு யாருக்கு தெரியும், விலை கம்மின்னு அத மட்டும் வாங்காதீங்க.